புள்ளடிக்கு எதிரே ஒரு பெயர் வேண்டும்: தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,
தேர்தல்கள் ஆணைக்குழு, சரண மாவத்தை, இராஜகிரிய.

கொழும்பு மாநகர சபைக்கு 2025 மே 6 இல் நடந்த தேர்தலில் 117 பேர் உறுப்பினர்களானார்கள். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாக்களித்த ஒருவரிடம் "உங்கள் வட்டார உறுப்பினர் யார்?" என்று கேளுங்கள். கட்சியைச் சொல்வார், சின்னத்தைச் சொல்வார், ஆளின் பெயர் பெரும்பாலும் வராது. அவருக்கு அக்கறையில்லை என்று தட்டிக்கழிக்க முடியாது. அவர் கையில் கொடுத்த வாக்குச் சீட்டிலேயே ஆளின் பெயர் கிடையாது.

வாக்களிப்பு நிலையங்களிலும் எண்ணும் நிலையங்களிலும் முகவர்களாக அமர்கிறவர்கள், வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர்கள் என, கொழும்பிலுள்ள தமிழ் பேசும் வாக்காளர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். எந்தக் கட்சிக்கும் பரிந்து பேசவில்லை. எங்களுக்குள்ளேயே மூன்று கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள், மற்ற விடயங்களில் ஒத்துப்போவதும் இல்லை. சபைகளின் நான்கு வருடப் பதவிக்காலம் 2025 ஜூன் 2 இல் தொடங்கியது. அடுத்த தேர்தலுக்குக் காலம் இருக்கிறது என்று கோப்பு மூடிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியவில்லை. திருத்துவதற்கு உகந்த காலம் இதுதான். வேட்புமனு கோரிய பிறகு எதைக் கேட்டாலும் "இனி நேரமில்லை" என்ற பதில்தான் வரும்.

வாக்குச் சீட்டிலிருந்தே தொடங்குகிறோம். 2024 செப்டெம்பர் 21 இல் ஜனாதிபதித் தேர்தல்: 1, 2, 3 என்று விருப்பத் தெரிவைக் குறிக்கலாம். நவம்பர் 14 இல் பாராளுமன்றத் தேர்தல்: கட்சிக்கு ஒரு புள்ளடி (X), பிறகு வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை விருப்பு வாக்கு. 2025 மே 6 இல் உள்ளூராட்சித் தேர்தல்: ஒரேயொரு புள்ளடி, வேறொன்றும் இல்லை. எட்டு மாதத்துக்குள் மூன்று விதமான சீட்டு. மூன்றாவது சீட்டை வாங்கியவர்கள் வேட்பாளர் இலக்கம் எங்கே என்று தேடினார்கள். இரண்டு சின்னங்களுக்கு எதிரே 1, 2 என்று போட்ட சீட்டுகள் எண்ணும் மேசைக்கு வந்தன. அவை நிராகரிக்கப்பட்ட கட்டுக்குள் போயின. சட்டப்படி வேறு வழியில்லை. முந்திய தேர்தலில் கற்றுக்கொடுத்ததையே அந்த வாக்காளர் செய்தார். முறை மாறிவிட்டது என்பதை அவர் வாசிக்கும் எழுத்தில், அவர் நிற்கும் வரிசையில் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சீட்டில் ஏன் பெயர் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு சபைக்குப் போட்டியிடும் கட்சியும் சுயேச்சைக் குழுவும் அந்தச் சபையின் எல்லா வட்டாரங்களுக்கும் ஆள் நிறுத்துகின்றன. ஆகவே கட்சிப் பெயரும் சின்னமும் மட்டும் இருந்தால் ஒரு சபைக்கு ஒரே சீட்டு போதும். பெயர் போட்டால் கொழும்பு மாநகர சபைக்கு மட்டும் 47 வட்டாரத்துக்கு 47 வகைச் சீட்டு அடிக்க வேண்டும்; நாடு முழுவதும் ஏறத்தாழ 4,900 வட்டாரங்கள், அதுவும் மூன்று மொழியில். அச்சகத்துக்கு அது பெரிய சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுமையை இறக்கி வாக்காளரின் தலையில் வைத்துவிட்டு, இது வட்டார முறை, உங்கள் ஊர் ஆளை நீங்களே தெரிவு செய்யலாம் என்று விளம்பரம் செய்வது நியாயமா? விருப்பு வாக்கு முறையை ஒழித்து வட்டாரத்துக்குத் திரும்பியதே, கான் அடைத்துக்கொண்டால், தெருவிளக்கு எரியாவிட்டால், குப்பை லொறி மூன்று நாள் வராவிட்டால் யாருடைய கதவைத் தட்டுவது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே.

அடுத்து, பல உறுப்பினர் வட்டாரங்கள். வெளியில் அதிகம் பேசப்படாத இடம் இது. கொழும்பு மாநகர சபையின் அடிப்படை உறுப்பினர் தொகை 110. 60 இற்கு 40 என்ற கணக்கில் வட்டாரத்தில் வென்று வருகிறவர்கள் 66, கட்சிகளின் வாக்கு வீதப்படி பட்டியலால் வருகிறவர்கள் 44. வட்டாரமோ 47 தான். அதாவது சில வட்டாரங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களை அனுப்புகின்றன. ஒரே இடத்தில் கலந்து வாழும் சமூகங்கள் எல்லாவற்றுக்கும் சபையில் குரல் கிடைக்க வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டுக்குச் சொல்லப்பட்ட காரணம். நடைமுறை நேர்மாறானது. வாக்காளருக்கு ஒரு புள்ளடிதான். எந்தக் கட்சிக்கு அதிக வாக்கோ அந்தக் கட்சியே அந்த வட்டாரத்தின் எல்லா இடத்தையும் அள்ளிக்கொள்கிறது. கணக்குக்காக ஓர் உதாரணம்: இருவரை அனுப்பும் வட்டாரத்தில் ஒரு கட்சிக்கு 1,400, அடுத்ததற்கு 1,350 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வாக்கு வித்தியாசத்தில் இரண்டு இடமும் முதல் கட்சிக்கு. அந்தக் கட்சி நிறுத்திய இருவரும் ஒரே சமூகத்தவராக இருந்தால் மற்றச் சமூகத்துக்கு வட்டாரத்தில் ஆளே இல்லை. கட்சி ஒருவரைத் தமிழராகவும் ஒருவரை முஸ்லிமாகவும் நிறுத்தியிருந்தாலும், சீட்டில் பெயர் இல்லாததால் அதை அறிந்து வாக்களிக்க வழியில்லை. சுவரொட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பீர்கள். சுவரொட்டி ஒட்டுவது தேர்தல் சட்டத்தில் தடை.

எண்ணி முடித்த பிறகு நடக்கும் பங்கீட்டைப் பாருங்கள். மாநகர சபையில் தேசிய மக்கள் சக்திக்கு 81,814 வாக்கு, 48 ஆசனம். ஐக்கிய மக்கள் சக்திக்கு 58,375 வாக்கு, 29 ஆசனம். ஐக்கிய தேசியக் கட்சிக்கு 26,297 வாக்கு, 13 ஆசனம். வகுத்துப் பார்த்தால் முதலாவது கட்சிக்கு ஓர் ஆசனம் ஏறத்தாழ 1,704 வாக்குக்கு வந்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் 2,013, 2,023. வென்ற கட்சி தவறு செய்ததாக நாங்கள் சொல்லவில்லை. வட்டாரத்தில் வென்ற இடங்கள் வாக்கு வீதத்தின்படி உரியதைத் தாண்டும்போது அவற்றைத் திருப்பி வாங்க முடியாது; சபையின் தொகைதான் கூடும். அப்படித்தான் 110 பேர் இருக்க வேண்டிய சபை 117 ஆனது. 2018 இல் வேறொரு கட்சி வென்றபோது 119 ஆனது. யார் வென்றாலும் இதே பொறிமுறை இதே வேலையைத்தான் செய்யும். 2018 முடிவு கண்முன்னே இருந்தும், 2025 தொடக்கத்தில் பாராளுமன்றம் கொண்டுவந்த விசேட ஏற்பாட்டுச் சட்டம், நடக்காமல் போன 2023 தேர்தலின் வேட்புமனுக்களை நீக்கியதோடு நின்றுவிட்டது.

பட்டியல் ஆசனம் இன்னும் இருட்டானது. கட்சிகள் இரண்டு வேட்புமனுப் பத்திரம் கொடுக்கின்றன. முதலாவதில் வட்டார வேட்பாளர்கள், இரண்டாவதில் மேலதிகமானவர்கள். முடிவு வந்த பிறகு, கட்சிக்குக் கிடைத்த பட்டியல் இடங்களுக்கு இந்த இரண்டு பத்திரத்திலிருந்தும் யாரையும் கட்சிச் செயலாளர் குறிப்பிடலாம். முன்னுரிமை வரிசை கிடையாது. வட்டாரத்தில் தோற்றவரும் வரலாம், அவர் அங்கே எத்தனையாவதாக வந்தார் என்பதும் பொருட்டல்ல. இரண்டு மூன்று பேர் ஆளுக்குக் கொஞ்ச மாதம் என்று பேசிக்கொண்டு ஒருவர் விலக மற்றவர் வருவதும் உள்ளூராட்சியில் பழகிப்போன விடயம். வாக்காளர் இதை வீட்டுக்குள் இருந்து செய்தியில்தான் அறிகிறார், அறிந்தால்.

பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடும் பெரும்பாலும் இந்த வாசலால்தான் நுழைகிறது. முதலாவது பத்திரத்தில் பெண்கள் 10 வீதம் இருந்தால் போதும், இரண்டாவதில் 50 வீதம் வேண்டும் என்று சட்டம் வைத்தால் கட்சிகள் என்ன செய்யும்? வெல்லக்கூடிய வட்டாரத்தை ஆணுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணைப் பட்டியலில் போடும். அவர் சபைக்கு வந்தாலும் அவருக்கென்று ஒரு வட்டாரம் இல்லை. செயலாளரின் தயவில் வந்தவர் என்ற பேச்சும் கூடவே வரும். போதாததற்கு, 20 வீதத்துக்குக் குறைவான வாக்கும் மூன்றுக்குக் குறைவான ஆசனமும் பெற்ற கட்சிக்கு இந்தக் கடப்பாடே இல்லை. சிறு கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் நிறைந்த சபையில் இந்தச் சலுகை எவ்வளவு பெரிய ஓட்டை என்று உங்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

(மேயர் தெரிவைப் பற்றி உங்களிடம் முறையிட முடியாது, அது உள்ளூராட்சி ஆணையாளரின் பொறுப்பு. ஆனாலும் சொல்லி வைக்கிறோம்: 2025 ஜூன் 16 இல் இரகசிய வாக்கெடுப்பில் 61 இற்கு 54 என்று முடிந்தது. புள்ளடி போட்டவர் தன் உறுப்பினர் யாரென்றும் அறியார், அந்த உறுப்பினர் யாருக்குக் கை கொடுத்தார் என்றும் அறியார்.)

இனி இடாப்பு. 2025 தேர்தலுக்குப் பயன்பட்டது 2024 இடாப்பு. தகைமைத் திகதி பெப்ரவரி 1. அந்தத் தினத்தில் எங்கே வசித்தீர்களோ அங்கேதான் வாக்கு. வேறு ஊருக்கு இது சிக்கலில்லாத விதி. வடகொழும்பிலோ தோட்டம் என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளிலிருந்து குடும்பங்களைக் கிளப்பி முவதொர உயன போன்ற தொடர்மாடிகளுக்குக் கொண்டுபோகும் வேலை வருடக்கணக்காக நடக்கிறது. சாவி கையில் வந்த திகதி வேறு, மின் கட்டணப் பட்டியல் பெயர் மாறிய திகதி வேறு, ஜீ.எஸ். (கிராம சேவகர்) பிரிவில் பதிந்த திகதி வேறு. பழைய பிரிவில் "இந்த முகவரியில் வீடே இல்லை" என்று பெயர் வெட்டப்படுகிறது. புதிய பிரிவில் "பெப்ரவரி முதலாம் திகதிக்குப் பிறகுதானே வந்தீர்கள், அடுத்த வருடம் பார்ப்போம்" என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வருடம் அந்தக் குடும்பத்துக்கு வாக்கு இல்லை. நீக்கப்படவுள்ள பெயர்களின் பட்டியல் காட்சிக்கு வைக்கப்படுகிறது, ஆட்சேபிக்கலாம் என்பது உண்மை. அந்தத் தாள் பழைய ஜீ.எஸ். அலுவலகச் சுவரில் தொங்கும்போது ஆட்கள் இரண்டு கிலோமீற்றர் தள்ளி எட்டாம் மாடியில் இருக்கிறார்கள்.

தோட்டத்துக்குள் இருப்பவர்களின் நிலை வேறு. 112/43, 112/43அ, 112/43 பின்புறம் என்று ஓடும் முகவரிகளில் வாக்காளர் அட்டைகள் வாசல் கடையில் கட்டாகக் கிடக்கும். அட்டை இல்லாமலும் வாக்களிக்கலாம், இடாப்பில் பெயரும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அடையாள ஆவணமும் இருந்தால் போதும். வாக்களிப்பு நாளன்றுகூடத் தபாலகத்தில் அட்டையைப் பெறலாம். இது தெரியாமல் "அட்டை வரவில்லை, போக முடியாது" என்று வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. அடையாள அட்டை தொலைந்தவருக்கு ஆணைக்குழுவே தற்காலிக அட்டை தருகிறது, ஜீ.எஸ். ஊடாக விண்ணப்பித்துப் புகைப்படம் இரண்டு கொடுத்தால் போதும். ஆனால் இறுதித் திகதி வாக்களிப்புக்குச் சில நாட்களுக்கு முன்பே முடிந்துவிடும், அதைத் தமிழில் அறிவிக்கும் தாள் அந்தச் சந்துக்குள் வந்து சேர்வதில்லை.

நிலையத்துக்குள்ளே நடப்பதையும் சொல்ல வேண்டும். உத்தியோகத்தர் தொடரிலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசிப்பார். முகவர்கள் தம் கையிலுள்ள இடாப்பில் அதைக் கோடிடுவார்கள். ஆள்மாறாட்டத்தைப் பிடிக்கும் முக்கியமான இடம் அது. தமிழ்ப் பெயர் சிங்கள எழுத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது ஞானசௌந்தரி யாரென்று அவருக்கே தெரியாமல் போகும். அடையாள அட்டையில் ஓர் எழுத்து, இடாப்பில் வேறு எழுத்து என்றால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்கும் நிலையத்தில் அரை நிமிடத்தில் தீரும். இல்லாத நிலையத்தில் வயதான அம்மாவை ஓரமாக நிறுத்தி வைப்பார்கள், வரிசை நகரும், அவர் திரும்பிப் போய்விடுவார். நிலையத்தில் தகராறு என்று எங்கும் பதிவாகாது. வாக்களிக்காதவர் என்று மட்டும் பதிவாகும்.

மே 6 ஒரு செவ்வாய்க்கிழமை. புறக்கோட்டைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்யும் மலையகத்து இளைஞர்களின் வாக்கு ஹட்டனிலோ பதுளையிலோ இருக்கிறது. சம்பளத்தோடு விடுமுறை அவர்களின் உரிமை: 40 கிலோமீற்றருக்குள் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். அந்தக் கணக்கில் ஹட்டன்காரருக்கு ஒன்றரை நாள், பதுளைக்காரருக்கு இரண்டு நாள். எழுத்தில் கேட்க வேண்டும் என்பதும் விதி. முதலாளியிடம் எழுத்தில் கேட்டால் அடுத்த வாரம் வேலை இருக்குமா என்று யோசிக்கும் பையனுக்கு இந்தக் கிலோமீற்றர்க் கணக்கு எதற்கு? அறிவுறுத்தல் முதலாளிக்குப் போக வேண்டும், ஆணைக்குழுவின் பெயரில் போக வேண்டும்.

கடைசியாக, 2023. மார்ச் 9 என்று நாள் குறித்து, ஏப்ரல் 25 என்று தள்ளி, திறைசேரி பணம் விடுவிக்காததால் நடக்காமலே போன தேர்தல். சபைகள் அந்த மார்ச் 19 இல் கலைந்தன. 2025 ஜூன் வரை இரண்டு வருடத்துக்கு மேல் தெரிவான ஓர் உறுப்பினரும் இல்லாமல் அதிகாரிகளே நடத்தினார்கள். 2024 ஓகஸ்ட் 22 இல் உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் தேர்தலுக்கான பணம் இன்றும் திறைசேரியின் மனதைப் பொறுத்தே இருக்கிறது.

நாங்கள் கேட்பவை இவை. சட்டம் மாறாமலே உங்கள் பணிப்புரையால் செய்யக்கூடியவை முதலில். ஒவ்வொரு வாக்களிப்பு நிலைய வாசலிலும், அந்த வட்டாரத்தில் ஒவ்வொரு கட்சியும் சுயேச்சைக் குழுவும் நிறுத்திய வேட்பாளர்களின் பெயர், வட்டாரத்துக்கு எத்தனை உறுப்பினர் என்ற விபரம், அந்தத் தேர்தலில் எப்படிப் புள்ளடி போடுவது என்ற படம் ஆகியவற்றைத் தூரத்திலிருந்து வாசிக்கக்கூடிய அளவில் மூன்று மொழியிலும் ஒட்டுங்கள். வர்த்தமானியிலும் மாவட்டச் செயலகத்திலும் இருப்பது போதாது. அதே விபரத்தை வாக்காளர் அட்டையோடு ஒரு துண்டாகத் தபாலில் அனுப்புங்கள். முடிவு வெளியான பிறகு பட்டியல் உறுப்பினர் ஒவ்வொருவரும் எந்தப் பத்திரத்திலிருந்து வந்தார், வட்டாரத்தில் போட்டியிட்டிருந்தால் அங்கே எத்தனை வாக்கு என்பதை உங்கள் இணையத்தளத்தில் போடுங்கள். இடையில் ஒருவர் விலகி மற்றவர் வந்தால் அதையும் காரணத்தோடு போடுங்கள்.

கொழும்பில் தமிழ் வாக்காளர் கணிசமாக உள்ள ஒவ்வொரு நிலையத்திலும் தமிழ் வாசிக்கவும் பேசவும் தெரிந்த ஓர் உத்தியோகத்தராவது இடாப்பு மேசையில் இருக்க வேண்டும். எழுத்து வேறுபாட்டுக்காக வாக்காளரைத் திருப்பி அனுப்பக் கூடாது, சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர் அதை எப்படித் தீர்க்க வேண்டும் என்று எழுத்தில் அறிவுறுத்துங்கள். தொடர்மாடிகளுக்கு இடம்பெயர்ந்தவர்களின் பெயரை, புதிய பிரிவில் பதிந்தது உறுதியாகும் வரை பழைய பிரிவில் வெட்ட வேண்டாம் என்று கொழும்பு மாவட்டத்துக்குத் தனிப் பணிப்புரை விடுங்கள். அடுத்த பெப்ரவரி 1 இற்கு முன்பே அந்தத் தொடர்மாடிகளின் கீழ்த்தளத்தில் நடமாடும் பதிவு நடத்துங்கள். வாக்களிப்பு நாள் வார நாளானால், விடுமுறை அறிவுறுத்தலைத் தொழில் திணைக்களம் ஊடாகக் கடைகளுக்கும் தொழிலகங்களுக்கும் மூன்று வாரம் முன்பே தமிழிலும் அனுப்புங்கள்.

பாராளுமன்றத்தின் கையில் இருப்பவற்றுக்கு உங்கள் எழுத்து மூலமான பரிந்துரையைக் கேட்கிறோம், அதைப் பகிரங்கமாகவும் வெளியிடுங்கள்: சீட்டில் வட்டார வேட்பாளரின் பெயர், பல உறுப்பினர் வட்டாரத்தில் வாக்கு வீதப்படி இடங்களைப் பிரித்தல், தேர்தலுக்கு முன்பே வரிசைப்படுத்தி வெளியிடும் பட்டியல், முதலாவது பத்திரத்தில் பெண்களுக்கு 10 வீதத்தை உயர்த்துதல், 20 வீத விலக்கை நீக்குதல், தேர்தல் திகதி வர்த்தமானியில் வந்த தினமே பணத்தை ஆணைக்குழுவின் கணக்கில் இட வேண்டும் என்ற கட்டாயம். அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரை, தேர்தல் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் பொறுப்புள்ள அரச அதிகாரசபைகளை உங்களோடு ஒத்துழைக்கக் கட்டாயப்படுத்துகிறது. 2023 இல் அது பலிக்கவில்லை என்பதால்தான் தனி ஏற்பாடு கேட்கிறோம்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, முடியாதென்றால் எந்தச் சட்டப் பிரிவினால் என்று மூன்று மாதத்துக்குள் பதில் தாருங்கள். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின்படி அந்தப் பதிலைத் தமிழில் கேட்கிறோம்.

இப்படிக்கு,
கொழும்பு மாநகர எல்லைக்குள் வாழும் தமிழ் பேசும் வாக்காளர்கள் சிலர்